வேலி காக்க வேண்டும்



இன்றைய பேச்சு விலங்குகளைப் பற்றியது. காட்டுக்குள் இருக்கும் விலங்குகளைப் பற்றி அல்ல. வயலுக்கு வரும் விலங்குகள், கொல்லைக்கு வரும் விலங்குகள், வீட்டு வாசலுக்கே வந்துவிடும் விலங்குகள் ஆகியவற்றைப் பற்றியது.

கல்பாத்தி என்றால் எல்லோருக்கும் தேர் நினைவுக்கு வரும். விசுவநாத சுவாமி கோயில் நினைவுக்கு வரும். ஆறும், அக்ரஹாரத் தெருக்களும், வெயிலில் காயும் அப்பளமும் நினைவுக்கு வரும். கல்பாத்தியில் நின்று வடக்கே பாருங்கள். அங்கே மலை தெரியும். அதன் அடிவாரத்தில் தோணி, மலம்புழை, முட்டிக்குளங்கரை என்று பல ஊர்கள் இருக்கின்றன. மலைக்கும் ஊருக்கும் நடுவே வயல்கள், தோப்புகள், வீடுகள். காட்டு விலங்குக்கு இது பெரிய தூரம் இல்லை. ஒரே இரவில் வந்து திரும்பிவிடும்.

வாழையைப் பன்றி சாய்க்கிறது. நெல்லை யானை மிதிக்கிறது. விதையை மயில் கொத்துகிறது. வடாத்தைக் குரங்கு தூக்குகிறது. விவசாயிக்கு வயிறு எரிகிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆறு மாத உழைப்பு ஒரே இரவில் போனால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஆனால் கோபத்தில் செய்யும் காரியம் சில நேரம் விலங்கைவிடப் பெரிய ஆபத்தாக முடிகிறது.

கம்பிக்குக் கண் இல்லை

2022-ஆம் ஆண்டு மே மாதம். பாலக்காடு முட்டிக்குளங்கரையில் ஆயுதப்படைப் போலீஸ் முகாம் இருக்கிறது. ஒரு நாள் காலை, முகாமுக்கு அருகே இருந்த வயலில் இரண்டு போலீஸ்காரர்கள் இறந்து கிடந்தார்கள். காட்டுப்பன்றியைப் பிடிக்க ஒருவர் கம்பி கட்டி, அதில் கரண்ட் விட்டிருந்தார். பன்றி வரவில்லை. மனிதர்கள் வந்தார்கள். இரண்டு குடும்பங்கள் ஆளை இழந்தன. கம்பி கட்டியவரைப் போலீஸ் கைது செய்தது.

அதோடு முடிந்ததா? இல்லை. அடுத்த ஆண்டு, 2023 செப்டம்பரில், பாலக்காட்டுக்கு அருகே கரிங்கரப்புள்ளியில் அதேபோல நடந்தது. பன்றிக்காக வைத்த கரண்ட் கம்பியில் பட்டு இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். அவர்களுடைய உடல்கள் அந்த வயலிலேயே புதைக்கப்பட்டிருந்தன. நிலத்தின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார்.

இரண்டு இடங்களிலும் கம்பி கட்டியது பன்றிக்காக. செத்தவர்கள் நான்கு மனிதர்கள்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று ஒரு பழமொழி உண்டு. இங்கே வேலி ஆளையே கொன்றுவிட்டது.

கரண்ட் கம்பிக்குக் கண் இல்லை. வருவது பன்றியா, பக்கத்து வீட்டுப் பையனா என்று அதற்குத் தெரியாது. தண்ணீர் பாய்ச்ச வரும் மனைவி மீதும் பாயும். கம்பி கட்டியவர் மறந்துபோய்க் கால் வைத்தால் அவர் மீதும் பாயும்.

இரண்டு வேலிகள்

"வனத்துறையும் வேலியில் மின்சாரம் வைக்கிறதே!" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு வரும் கரண்ட் 230 வோல்ட். அது நிற்காமல் பாயும். அதைத் தொட்டால் கைத்தசை இறுகிவிடும். கையை எடுக்க நினைத்தாலும் எடுக்க முடியாது. வயலில் ஈரம் இருக்கும். கால் ஈர மண்ணில் இருக்கும். உயிர் போய்விடும்.

சோலார் வேலி வேறு வகை. அதில் ஒரு சிறிய பெட்டி இருக்கும். அந்தப் பெட்டி கம்பியில் மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும். சுமார் ஒரு விநாடிக்கு ஒரு முறைதான் அனுப்பும். அதுவும் கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவான நேரம். தொட்டவுடன் சுள்ளென்று அடிக்கும். விலங்கு பயந்து விலகிவிடும். உயிர் போகாது.

சோலார் வேலி போட்டால் மட்டும் போதாது. அதைப் பராமரிக்க வேண்டும். புல்லும் கொடியும் கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும். அப்போது வேலி வெறும் கம்பிதான். ஆகவே வேலியின் அடியில் புல்லை அடிக்கடி வெட்ட வேண்டும். தரமான பெட்டியையே வாங்க வேண்டும். வீட்டுக் கரண்டை அந்தக் கம்பியில் ஒருபோதும் கொடுக்கக் கூடாது.

பழத்துக்குள் வெடி

கரண்ட் வைப்பது ஒரு தவறு. வெடி வைப்பது இன்னொரு தவறு. தமிழ்நாட்டில் இதை அவுட்டுக்காய் என்பார்கள். தின்னும் பொருளுக்குள் வெடிமருந்தை மறைத்து வைப்பது. பன்றி கடித்தால் வெடிக்கும்.

2020-ஆம் ஆண்டு மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் நடந்ததை உலகமே பேசியது. மன்னார்க்காடு வட்டாரத்தில் ஒரு பெண் யானை வெடி வைத்த காயைக் கடித்துவிட்டது. அது பன்றிக்காக வைத்த வெடி. யானையின் வாய் சிதைந்தது. அதனால் எதையும் தின்ன முடியவில்லை. வலி தாங்காமல் வெள்ளியாற்றில் இறங்கி நின்றது. வாயைத் தண்ணீரில் வைத்தபடியே நின்றது. வனத்துறையினர் காப்பாற்ற முயன்றார்கள். முடியவில்லை. மே 27 அன்று யானை இறந்தது. அதன் வயிற்றில் குட்டி இருந்தது.

அந்த யானை யாரையும் தாக்கவில்லை. வெடிக்கும் கண் இல்லை, அவ்வளவுதான்.

வெடி வைத்த காயை நாய் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். மாடு கடிக்கலாம். குழந்தை பந்து என்று எடுக்கலாம். இதை நினைத்துப் பாருங்கள்.

பன்றி ஏன் வருகிறது?

ஒரு தொல்லையைத் தீர்க்க வேண்டுமானால் அதன் காரணம் தெரிய வேண்டும். பன்றி ஏன் ஊருக்கு வருகிறது?

முதல் காரணம் உணவு. கப்பக்கிழங்கு, சேனை, சேம்பு, வாழை, நெல் எல்லாம் பன்றிக்குப் பிடிக்கும். பன்றியின் மூக்கு மிகவும் கூர்மையானது. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைக்கூட மோப்பம் பிடித்துவிடும். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் கொட்டிய சோறு, கடைக்குப் பின்னால் கொட்டிய காய்கறி, கோழிக் கடைக் கழிவு ஆகியவையும் அதற்கு விருந்துதான்.

இரண்டாவது காரணம் மறைவிடம். பன்றி பெரும்பாலும் இரவில்தான் மேயும். பகலில் புதரில் படுத்திருக்கும். முன்பு பயிர் செய்த நிலங்கள் பல இப்போது தரிசாகக் கிடக்கின்றன. அங்கே புதர் மண்டிவிட்டது. பன்றி காட்டுக்குத் திரும்பிப் போக வேண்டிய தேவையே இல்லை. ஊருக்குள்ளேயே அதற்கு வீடு கிடைத்துவிட்டது.

மூன்றாவது காரணம் பெருக்கம். பன்றி நான்கு மாதத்தில் குட்டி போடும். ஒரு ஈற்றில் பல குட்டிகள் பிறக்கும். தீனியும் மறைவும் கிடைத்தால் கூட்டம் வேகமாகப் பெருகும்.

ஆக, ஒரு பன்றியைக் கொன்றால் தொல்லை தீராது. தீனியும் புதரும் அப்படியே இருந்தால் அடுத்த பன்றி வரும்.

அரிசி தேடிய யானை

யானையின் கதையும் இதுதான். இடுக்கி மாவட்டத்தில் சின்னக்கானல் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஏலத் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் உண்டு. தமிழ் பேசும் தொழிலாளர்கள் ஏராளமாக வாழ்கிறார்கள். அங்கே ஒரு கொம்பன் யானை இருந்தது. அதற்கு அரிசி என்றால் உயிர். ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்னும். வீட்டுச் சமையலறையை இடித்தும் அரிசி தேடும். அதனால் அதற்கு அரிக்கொம்பன் என்று பெயர் வந்தது. மலையாளத்தில் அரி என்றால் அரிசி.

மக்கள் இரவில் தூங்க முடியவில்லை. யானையைப் பிடிக்க வேண்டும் என்றார்கள். வழக்கு கேரள உயர்நீதிமன்றம் வரை போனது. யானையைப் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள பரம்பிக்குளம் காட்டில் விடலாம் என்று முதலில் முடிவானது. உடனே முதலமடை மக்கள் எதிர்த்தார்கள். "அங்கே வேண்டாத யானை இங்கே எதற்கு?" என்று கேட்டார்கள்.

2023 ஏப்ரல் 29 அன்று யானைக்கு மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். கழுத்தில் ரேடியோ பட்டை கட்டினார்கள். ஒரு மாதம்கூட முடியவில்லை. மே 27 அன்று அந்த யானை தமிழ்நாட்டில் தேனி மாவட்டம் கம்பம் நகரத் தெருவில் ஓடியது. அதனால் காயம்பட்ட ஒருவர் பிறகு இறந்தார். ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை அதைப் பிடித்தது. பிறகு களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டது.

சின்னக்கானலில் தொல்லை தீர்ந்ததா? அந்த வட்டாரத்தில் வேறு யானைகளும் உண்டு. சக்கைக்கொம்பன் என்று ஒரு யானை. சக்கை என்றால் பலாப்பழம். பலாப்பழம் தேடி வருவதால் அதற்கு அந்தப் பெயர். ஒரு யானை போனாலும் பலா மரம் அங்கேயே இருக்கிறது. அரிசிக் கடையும் அங்கேயே இருக்கிறது.

இன்னொன்றையும் நினைக்க வேண்டும். சின்னக்கானலில் 301 காலனி என்று ஓர் இடம் இருக்கிறது. நிலம் இல்லாத 301 ஆதிவாசிக் குடும்பங்களுக்கு அங்கே நிலம் கொடுத்தார்கள். அது யானைகள் காலம் காலமாக நடமாடிய வழி. யானைக்குப் பயந்து பல குடும்பங்கள் நிலத்தை விட்டுப் போய்விட்டன. அந்த ஏழைகள் செய்த தவறு என்ன? யானை செய்த தவறு என்ன? நிலம் கொடுக்கும் முன் யானை வழியைப் பார்க்காததுதான் தவறு.

பாலக்காட்டுத் தோணியிலும் ஒரு கொம்பன் மக்களை அச்சுறுத்தியது. 2022 ஜூலையில் காலையில் நடக்கப் போன ஒருவர் யானை தாக்கி இறந்தார். 2023 ஜனவரி 22 அன்று வனத்துறை அந்தக் கொம்பனைப் பிடித்தது. அதன் உடலில் துப்பாக்கி ரவைகள் பல இருந்தன. யாரோ சுட்டிருக்கிறார்கள். அந்த ரவைகள் யானையை ஊரைவிட்டு விரட்டினவா? இல்லை. அதன் பிறகும் அது வந்துகொண்டேதான் இருந்தது.

வீட்டில் செய்ய வேண்டியவை

அப்படியானால் என்ன செய்வது? தீனியை மூடுங்கள். மறைவை வெட்டுங்கள். வழியை அடையுங்கள். இந்த மூன்றும் முக்கியம்.

குப்பை: மீந்த சோற்றையும் காய்கறிக் கழிவையும் தெருவில் கொட்டாதீர்கள். மூடிய தொட்டியில் உரமாக்குங்கள். விருந்து நடந்தால் அன்றைக்கே கழிவை அப்புறப்படுத்துங்கள்.

புதர்: வீட்டைச் சுற்றியும் வயல் வரப்பிலும் புதரை வெட்டுங்கள். தரிசு நிலத்தின் சொந்தக்காரர் வெளியூரில் இருந்தால் பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ மனு கொடுங்கள்.

குரங்கு: குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். கோயில் வாசலிலும் கொடுக்காதீர்கள். இன்று கையில் கொடுத்தால் நாளை கையிலிருந்து பிடுங்கும். அப்பளமும் வடாமும் காயும்போது மேலே வலை போடுங்கள். ஓர் ஆள் பக்கத்தில் இருங்கள்.

மரநாய்: பழைய ஓட்டு வீடுகளில் பரணில் மரநாய் குடியேறும். இரவில் அது இரை தேடி வெளியே போகும். அப்போது ஓட்டு இடைவெளியைக் கம்பி வலையால் அடையுங்கள். அடைக்கும் முன் உள்ளே குட்டி இருக்கிறதா என்று பாருங்கள். குட்டி இருந்தால் அது வளர்ந்து போகும் வரை பொறுங்கள்.

பாம்பு: எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். தவளை இருக்கும் இடத்துக்கும் வரும். அடுக்கிய விறகு, உடைந்த ஓடு, தேங்காய் மட்டை ஆகியவற்றை வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். இரவில் டார்ச் விளக்கு இல்லாமல் நடக்காதீர்கள். பாம்பைக் கண்டால் அடிக்கப் போகாதீர்கள். தள்ளி நின்று அது எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். கேரள வனத்துறையில் பாம்பு பிடிக்கப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். சர்ப்பா என்ற செல்போன் செயலியில் அவர்களுடைய எண்கள் கிடைக்கும். வீட்டில் படித்த பிள்ளைகளிடம் சொல்லி அதைப் போனில் ஏற்றி வையுங்கள்.

பாம்பு கடித்துவிட்டால் கயிறு இறுக்கிக் கட்டாதீர்கள். கத்தியால் கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை ஓடவோ நடக்கவோ விடாதீர்கள். அசையாமல் வைத்து, விஷமுறிவு ஊசி உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

யானை: யானை வந்தால் செல்போனில் படம் எடுக்கப் போகாதீர்கள். பட்டாசு கொளுத்தி நீங்களே விரட்டவும் வேண்டாம். அது எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. வனத்துறைக்குச் சொல்லுங்கள். பாலக்காடு கோட்ட வன அலுவலகம் ஒலவக்கோட்டில் இருக்கிறது. விலங்குகளை விரட்டவும் பிடிக்கவும் அவர்களிடம் தனிக் குழு உண்டு. அலுவலக எண்ணைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. யானை, மயில், குரங்கு, பன்றி எல்லாமே அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. யாரும் தாமாகவே கொல்ல முடியாது.

ஆனால் விவசாயிக்கு வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2022 மே மாதம் கேரள அரசு ஓர் உத்தரவு போட்டது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி கொடுக்கும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கும், நகராட்சித் தலைவருக்கும், மேயருக்கும் கிடைத்தது. துப்பாக்கி உரிமம் உள்ளவர்தான் சுட வேண்டும். விஷம் வைக்கக் கூடாது. வெடி வைக்கக் கூடாது. கரண்ட் வைக்கக் கூடாது. அந்த உத்தரவு ஓராண்டுக்குப் போடப்பட்டது. பின்னர் நீட்டிக்கப்பட்டது. உங்களுக்குத் தேவைப்படும்போது அது நடப்பில் இருக்கிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

நட்டஈட்டுக்கும் சட்டம் உண்டு. காட்டு விலங்கால் பயிர் அழிந்தாலும், கால்நடை செத்தாலும், ஆளுக்கு அடிபட்டாலும், உயிர் போனாலும் விண்ணப்பம் கொடுக்கலாம். கேரளத்தில் இதற்கான விதிகள் 1980-இலேயே வந்துவிட்டன. பலர் கேட்பதே இல்லை. கேட்டாலும் சான்று இல்லாமல் கேட்கிறார்கள்.

சேதம் நடந்த அன்றே போட்டோ எடுங்கள். வன அலுவலகத்துக்கு உடனே தகவல் கொடுங்கள். நிலவரி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஆளுக்கு அடிபட்டால் மருத்துவச் சான்று வாங்குங்கள். அக்ஷயா மையத்தில் கேட்டால் விண்ணப்பிக்க உதவுவார்கள். விண்ணப்ப எண்ணைக் குறித்து வையுங்கள். நீங்கள் இப்போது எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். உங்கள் மனுவை நீங்களே எழுதலாம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம்.

ஊர் கூடினால்

ஒருவர் மட்டும் புதரை வெட்டினால் பன்றி அடுத்த கொல்லைக்குப் போகும். ஒரு வீடு மட்டும் குப்பையை மூடினால் குரங்கு அடுத்த வீட்டுக்குப் போகும். பத்து விவசாயிகள் தனித்தனியாக வேலி போட்டால் செலவு அதிகம். பத்துப் பேரும் சேர்ந்து வயலைச் சுற்றி ஒரே வேலி போட்டால் செலவு குறையும். பராமரிக்கவும் ஆள் முறை வைக்கலாம்.

கல்பாத்தித் தேரை ஓர் ஆளால் இழுக்க முடியுமா? ஊரே வடம் பிடித்தால்தான் தேர் நகரும். இதுவும் அப்படித்தான்.

யாராவது வயலில் கரண்ட் கம்பி கட்டுவது தெரிந்தால் சும்மா இருக்காதீர்கள். முதலில் அவரிடம் பேசுங்கள். முட்டிக்குளங்கரையில் நடந்ததைச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் மின்வாரியத்துக்கும் போலீசுக்கும் சொல்லுங்கள். அது காட்டிக்கொடுப்பது ஆகாது. அவரையும் சேர்த்துத்தான் நீங்கள் காப்பாற்றுகிறீர்கள். சாயும் வாழையை மறுபடி நடலாம். போன உயிரைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

வேலி பயிரைக் காக்கட்டும். ஆளையும் காக்கட்டும்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் எந்த விலங்கால் அதிகத் தொல்லை? அது எதைத் தின்ன வருகிறது?

2. வீட்டுக் கரண்ட் வேலிக்கும் சோலார் வேலிக்கும் என்ன வித்தியாசம்?

3. உங்கள் தெருவில் குப்பை எங்கே கொட்டப்படுகிறது? அதை எப்படி மாற்றலாம்?

4. பயிர்ச் சேதத்துக்கு நட்டஈடு கேட்டு வன அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிப் பாருங்கள்.